சரளை மண் நிலம்: ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் பார்த்துப் பயிர் வையுங்கள்

மழை நன்றாகத்தான் பெய்திருக்கும். கரிசல்காட்டில் விதைத்தவருடைய சோளம் மூன்று வாரம் ஆகியும் பச்சையாக நிற்கும். அதே மழைக்கு நம் சரளைக்காட்டில் விதைத்த சோளம் ஒரு வாரத்திலேயே இலையைச் சுருட்டிக்கொள்ளும். அவர் போட்ட அதே யூரியாவைத்தான் நாமும் போட்டிருப்போம். அவருக்குப் பயிர் கருகருவென்று வரும், நமக்கு வெளிறிப் போகும். கடைசியில் "இந்த மண்ணு எதுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடவோ, சரளையை அள்ளி விற்கவோ கிளம்பிவிடுகிறோம்.

அந்த முடிவுக்கு வருமுன் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். சரளை மண்ணின் பெரும்பாலான தொல்லைகளுக்கு ஒரே காரணம்தான் உண்டு. அதில் தண்ணீர் நிற்கும் இடம் சிறியது. எவ்வளவு சிறியது என்று அளந்துவிட்டால் எந்தப் பயிர், எவ்வளவு உரம், எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்ற கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், சென்னிமலை, க.பரமத்தி சுற்றுவட்டாரத்து மேட்டுக்காடுகளை மனதில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே பெரிதாகக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 600 முதல் 700 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி புரட்டாசி முதல் கார்த்திகைக்குள். வேறு மாவட்டத்தில் இதே போன்ற செஞ்சரளை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் சொல்லும் முறைகள் பொருந்தும்.

சரளை மண் எப்படி உண்டானது?

கொங்கு மேட்டு நிலங்களின் அடியில் இருப்பது பழமையான கடினப் பாறை. அது வெயிலிலும் மழையிலும் மெல்ல மெல்லப் பொடிந்துதான் நம் மண் உண்டானது. பொடியாமல் நின்றவைதான் காட்டில் வெள்ளை வெளேர் என்று கிடக்கும் வெங்கச்சங்கற்கள். பாறையில் இருந்த இரும்பு துருப்பிடித்துத்தான் மண்ணுக்குச் சிவப்பு நிறம் வந்தது.

மழை குறைந்த பகுதி என்பதால் சுண்ணாம்புச் சத்து முழுவதும் கழுவிக்கொண்டு போகவில்லை. பல காடுகளில் ஓரடி, ஒன்றரை அடிக்குக் கீழே வெள்ளையாக, உருண்டை உருண்டையாகச் சுக்காங்கல் தென்படும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உழவு பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

மேட்டிலிருந்து நயமான மண் மழையோடு இறங்கிப் பள்ளத்தில் சேர்ந்துவிடும். கனமான கல்லும் மணலும் மேட்டிலேயே தங்கிவிடும். ஒரே சர்வே எண்ணில் மேல்கோடி சரளையாகவும் கீழ்க்கோடி நல்ல மண்ணாகவும் இருப்பது இதனால்தான். எனவே ஐந்து ஏக்கரையும் ஒரே நிலமாக நினைத்து ஒரே பயிர், ஒரே உரம் வைக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: குழி வெட்டிப் பாருங்கள்

மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் குழி வெட்டுங்கள். மூன்றடி ஆழம் போதும். அதற்கு முன்பே பாறை தட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குழிக்குள் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. மண் எத்தனை அடி இருக்கிறது? கடப்பாரைக்குப் பொடியும் பாறை எங்கே தொடங்குகிறது, பொடியாத பாறை எங்கே தொடங்குகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொடியும் பாறைக்குள் மர வேர்கள் இறங்கும். பொடியாத பாறையில் வெடிப்பு இருந்தால்தான் இறங்கும்.

2. வேர் எதுவரை போயிருக்கிறது? குழியின் பக்கச் சுவரில் புல், செடிகளின் வேர் நிற்கும் இடத்தைப் பார்த்தால் பயிருக்கு உண்மையில் பயன்படும் ஆழம் தெரிந்துவிடும்.

3. சுக்காங்கல் இருக்கிறதா, எந்த ஆழத்தில்?

4. கல் எவ்வளவு? மேலிருந்து ஓரடிக்குள் உள்ள மண்ணில் 10 கிலோவை எடுத்து நன்றாகக் காயவையுங்கள். கட்டிகளை உடைத்து, 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கல்லை எடை போடுங்கள்.

10 கிலோவில் 4 கிலோ கல் நின்றால், எடையில் அது 40 விழுக்காடு. கல் கனமானது என்பதால் அது அடைக்கும் இடம் அவ்வளவு இருக்காது. மண்ணின் மொத்த இடத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கால் பங்கு இடத்தில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது.

ஈரக் கணக்கு

ஒரு மி.மீ. மழை என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். மண்ணில் நிற்கும் ஈரத்தையும் மழை போலவே மி.மீ. கணக்கில் பார்ப்பது எளிது.

மணல் கலந்த செம்மண் ஓரடி ஆழத்துக்குப் பயிருக்குக் கிடைக்கும்படி பிடித்துவைக்கும் தண்ணீர் சுமார் 30 மி.மீ. அதில் கால் பங்கு இடத்தைக் கல் பிடித்துக்கொண்டால் மீதி 22 மி.மீ. வளர்ந்த பயிர் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 4 முதல் 5 மி.மீ. வரை குடிக்கும். அப்படியானால் ஓரடி சரளை மண் வைத்திருக்கும் ஈரம் ஐந்து நாளைக்குத்தான் வரும். இளம்பயிர் குறைவாகக் குடிக்கும், மேகமூட்டம் இருந்தால் இன்னும் சில நாள் தாங்கும். ஆனால் மூன்று வாரம் தாங்காது.

மூன்றடி ஆழக் கரிசலில் இந்தக் கணக்கு 150 மி.மீ.க்கு மேல் போகும், அதாவது ஒரு மாத ஈரம். மழை இருவருக்கும் ஒன்றுதான் என்றாலும் அவரிடம் குதிர் இருக்கிறது, நம்மிடம் படி இருக்கிறது. படியில் குதிர் நெல்லைக் கொட்டினால் மீதி வழிந்துதான் போகும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒரே நாளில் 60 மி.மீ. கொட்டும் மழையில் பெரும்பகுதி வேருக்குக் கீழே இறங்கியோ, மேலே ஓடியோ போய்விடும். அதே 60 மி.மீ. மூன்று மழையாகப் பிரிந்து, வாரம் ஒன்றாக வந்தால் சரளைக்காடு விளைந்துவிடும். ஆகவே இந்த மண்ணில் மொத்த மழையை மட்டும் பார்த்துப் பயிர் முடிவு செய்யக் கூடாது. நடுவில் பத்து நாள் காய்ந்தாலும் தாங்குமா என்று கேட்டுத்தான் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரளை மண்ணின் நல்ல குணங்கள்

குறையை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியல்ல. சரளை மண்ணில் தண்ணீர் தேங்காது, வேர் அழுகல் குறைவு. மழை விட்ட மறுநாளே ஏர் பூட்டலாம். கரிசல்காரர் நான்கைந்து நாள் காத்திருப்பார். கரிசலில் 10 மி.மீ. மழை மேல்மண்ணை நனைத்து அப்படியே ஆவியாகிவிடும். சரளையில் அதே மழை கல் இல்லாத மண்ணுக்குள் சேர்ந்து ஆழமாக இறங்கி, பயிருக்குப் பயன்படும். உப்பு கலந்த கிணற்றுத் தண்ணீரையும் கரிசலைவிட இந்த மண் தாங்கும், அடுத்த நல்ல மழையில் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். கடலை பிடுங்குவதும், கிழங்கு தோண்டுவதும் சுலபம்.

கல் பொறுக்கலாமா?

தலையளவு, கையளவுக் கற்களைப் பொறுக்குங்கள். அவை உழவுக்கும் விதைப்புக்கும் தடை. பொறுக்கிய கல்லை வெளியே கொட்டாமல், சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பாக அடுக்குங்கள். ஓடும் தண்ணீர் அதில் வேகம் தணிந்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

நெல்லிக்காய்க்குச் சிறிதான கல்லை விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் சிறுகல் மண்ணுக்கு மூடாக்கு. மழைத்துளி நேராக மண்ணில் அடித்து மேல்மண் இறுகிப்போவதை அது தடுக்கும். வெயிலில் ஈரம் ஆவியாவதையும் குறைக்கும். ஆள் கூலி கொடுத்துச் சிறுகல்லையெல்லாம் வாரிய காட்டில், அடுத்த மழையிலேயே மேல்மண் ஓடுவதைக் காணலாம்.

மண் பரிசோதனை அட்டையைப் படிக்கும் முறை

ஆய்வகத்தில் மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கல்லை நீக்கிவிட்டுத்தான் பரிசோதிப்பார்கள். அட்டையில் "ஏக்கருக்கு இத்தனை கிலோ" என்று வருவது, காடு முழுவதும் அந்தச் சலித்த மண்ணே இருப்பதாக வைத்துப் போடும் கணக்கு. உங்கள் மண்ணில் கால் பங்கு இடம் கல் என்றால், அட்டையில் 100 கிலோ தழைச்சத்து என்று இருப்பது காட்டில் 75 கிலோதான்.

எனவே மண் மாதிரி கொடுக்கும்போது கல் எத்தனை விழுக்காடு, மண் எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பரிந்துரை சொல்லும் அலுவலரிடமும் அதைச் சொல்லுங்கள். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து மாதிரி எடுக்காதீர்கள்.

உரம்: கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை

22 மி.மீ. தண்ணீர் பிடிக்கும் மண்ணில் 40 மி.மீ. மழை பெய்தால், மிச்சத் தண்ணீர் கீழே இறங்கும்போது கரைந்த தழைச்சத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பயிர் வெளிறுவதற்கு இதுவே முதல் காரணம். அந்தச் சத்து வீணாவதோடு நிற்காமல், நாம் குடிக்கும் கிணற்றிலும் நைட்ரேட்டாகப் போய்ச் சேரும்.

பரிந்துரைத்த தழைச்சத்தின் அளவைக் கூட்ட வேண்டாம். இரண்டு தடவையாகப் போடுவதை மூன்று, நான்கு தடவையாகப் பிரியுங்கள். பெருமழை அறிவிப்பு இருக்கும்போது யூரியா போடாதீர்கள். மழை விட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போது போட்டுக் கொத்திவிடுங்கள். வேப்பம் பிண்ணாக்குக் கலந்து போட்டால் மெதுவாகக் கிடைக்கும். சாம்பல்சத்தும் இந்த மண்ணில் கழுவிப் போகக்கூடியது, அதையும் இரண்டாகப் பிரிப்பது நல்லது. மணிச்சத்து அவ்வளவாக நகராது, அடியுரமாகவே போடலாம்.

சுக்காங்கல் உள்ள காட்டில் கடலையின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. யூரியா போட்டுத் தீராது. 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி உப்பும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை வேளையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை தெளிக்க வேண்டியிருக்கும். துத்தநாகக் குறை அட்டையில் காட்டினால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து அடியுரமாக இடலாம்.

மண்ணின் ஈரம் தாங்கும் திறனைக் கூட்ட

*தொழு உரம், பட்டி:* ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் ஆண்டுதோறும் போட முடிந்தால் நல்லது. சூடான மணல் மண்ணில் மக்கு சீக்கிரம் எரிந்துபோகும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை 20 டன் கொட்டுவதைவிட ஆண்டுக்கு 4 டன் போடுவது பலன் தரும். ஆடு வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுப் பட்டி போடச் சொல்லுங்கள். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் சேரும், வண்டி வாடகையும் மிச்சம். பக்கத்தில் கயிறு ஆலை இருந்தால் மக்கிய தென்னைநார்க் கழிவை ஏக்கருக்கு 5 டன் வரை இடலாம். மக்காத நார்க்கழிவைப் போடாதீர்கள், பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது பிடித்துக்கொள்ளும்.

*கொழிஞ்சி:* பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு, சணப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். சரளைக்குப் பொருத்தமானது கொழிஞ்சி. மெதுவாக வளரும், வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு மேயாது, ஒரு தடவை விதைத்தால் தானே விழுந்து முளைத்துக்கொள்ளும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். விதைத்தோல் கெட்டி என்பதால் மணலோடு சேர்த்து உரலில் லேசாகத் தேய்த்து விதையுங்கள்.

*வண்டல்:* ஏரி, குளத்து வண்டல் சரளைக்கு மருந்து. ஆனால் கணக்குத் தெரிந்து அடியுங்கள். ஒரு ஏக்கரில் அரையடி ஆழ மண்ணின் எடை சுமார் 900 டன். ஒரு யூனிட் வண்டல் ஏறக்குறைய 4 டன். பத்து யூனிட் அடித்தாலும் அது 40 டன், மொத்த மண்ணில் ஐந்து விழுக்காடுகூட இல்லை. ஐந்து ஏக்கருக்கும் பரவலாகத் தூவினால் கண்ணுக்கே தெரியாது. கிணற்றை ஒட்டிய அரை ஏக்கருக்கோ, மரக் குழிகளுக்கோ மட்டும் அடித்து, ஆண்டுக்கு ஒரு துண்டாகத் தேற்றுவது புத்திசாலித்தனம். அடிக்கும் முன் வண்டலில் உப்பு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பாருங்கள். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.

*உருளை ஓட்டுதல்:* கல் குறைவாக, மணல் மிகுதியாக உள்ள நிலத்துக்கு மட்டும் இது. தார் டிரம்மில் மணல் நிரப்பி 400 கிலோ எடையாக்கி, மழை பெய்த மறுநாள் மிதமான ஈரத்தில் எட்டு, பத்து தடவை உருட்டுங்கள். அடிமண் கொஞ்சம் இறுகித் தண்ணீர் ஓடுவது குறையும். பிறகு மேலாக உழுது விதைக்கலாம்.

உழவில் கவனம்

கோடை மழைக்குச் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஓடையாகிவிடும். அடிமண் இறுகியிருந்தால் உளிக்கலப்பை நல்லது. அது மண்ணைப் புரட்டாமல் கீறிவிடும், தண்ணீரும் வேரும் இறங்க வழி கிடைக்கும்.

சுக்காங்கல் ஓரடியிலேயே இருந்தால் ஆழமாகப் புரட்டும் கலப்பையைப் போடாதீர்கள். கீழே இருக்கும் சுண்ணாம்பை மேலே கொண்டுவந்து போட்டுவிட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கு இலை மஞ்சளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ரோட்டவேட்டரை அடிக்கடி ஓட்டுவதும் வேண்டாம். கத்தி தேய்வது ஒரு பக்கம், மண் மாவாகி முதல் மழையிலேயே ஓடிவிடுவது இன்னொரு பக்கம்.

பண்ணைக்குட்டை: தண்ணீர் நிற்கவா, இறங்கவா?

சரளையில் வெட்டிய குட்டையில் தண்ணீர் நிற்காது. இது தெரியாமல் வெட்டிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. பயிருக்கு எடுத்து ஊற்ற வேண்டும் என்றால் தார்ப்பாய் விரிக்கும் செலவையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். பாய் விரிக்க வசதி இல்லை என்றால் குட்டையைக் கிணற்றுக்கு மேற்புறம், தண்ணீர் ஓடிவரும் வழியில் வெட்டுங்கள். இறங்கும் தண்ணீர் கிணற்றுக்கு ஊற்றாக வரும். ஆழ்துளைக் கிணற்றுக்குச் செலவு செய்யுமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. நம் பகுதியில் தண்ணீர் இருப்பது பாறை வெடிப்பில். மேலிருந்து இறங்காமல் அங்கே ஊறாது.

எந்த ஆழத்துக்கு எந்தப் பயிர்?

*ஓரடிக்குள் பாறை:* கொள்ளு, நரிப்பயறு, மேய்ச்சல் புல். கொள்ளு பின்மழைக்கு ஏற்றது. பனியிலேயே விளைந்துவிடும். ஏக்கருக்கு 8 கிலோ விதை.

*ஒன்று முதல் இரண்டடி:* கம்பு, தீவனச் சோளம், எள், தட்டைப்பயறு, நிலக்கடலை. கடலைக்கு விழுது இறங்கும் சமயத்தில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள். சுண்ணாம்பு மண்தானே என்று விட்டுவிடாதீர்கள், ஜிப்சத்தில் உள்ள கந்தகம் எண்ணெய்ச் சத்துக்குத் தேவை. மழை நம்பிக்கை இல்லாத ஆண்டில் தனிக்கடலை வேண்டாம், எட்டு வரிசைக்கு ஒரு வரிசை துவரை அல்லது ஆமணக்குப் போட்டுவையுங்கள். கடலை போனாலும் அது நிற்கும்.

*இரண்டடிக்கு மேல், அல்லது கீழே பொடியும் பாறை:* முருங்கை, நெல்லி, சீத்தா, இலந்தை, கொடுக்காப்புளி, புளி, வேம்பு. மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் முருங்கை செழித்ததற்குத் தண்ணீர் தேங்காத இந்த மண்ணும் ஒரு காரணம். மூன்றடிக் குழி எடுத்து, வண்டலும் தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். மரத்தின் கீழ்ப்புறம் பிறை வடிவில் கரை போட்டால் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அங்கே நிற்கும்.

கொய்யா, தக்காளி, கத்தரி வைப்பவர்கள் வேர்முடிச்சு நூற்புழுவைக் கவனியுங்கள். மணல் மண்ணில் அது வேகமாகப் பெருகும். நாற்று வாங்கும்போது ஒன்றிரண்டை உருவி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வாங்காதீர்கள்.

முன்னோர் கண்ட வழி: கொறங்காடு

மிகவும் ஆழம் குறைந்த காட்டை நம் முன்னோர் உழாமல் விட்டார்கள் என்றால் அது சோம்பலால் அல்ல. சில ஏக்கர் அளவுக்குத் துண்டு பிரித்து, சுற்றிலும் கிளுவை முள் வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் வளர்த்து, மாடு ஆடுகளை மாற்றி மாற்றி மேய விட்டார்கள். காங்கயம் மாடு வளர்ந்தது இந்தக் கொறங்காட்டில்தான்.

மண் கணக்கில் பார்த்தால் இதன் அருமை புரியும். புல் வேர் ஓரடிக்குள் பின்னி நின்று, ஐந்து நாள் ஈரத்தைக் குடித்துவிட்டு, காய்ந்தால் உறங்கும். அடுத்த மழைக்கு விதைக்காமலே துளிர்க்கும். வெள்வேல் வேர் பாறை இடுக்கில் இறங்கும், அதன் காய் கோடையில் தீவனம். உழவு இல்லாததால் மண் ஓடாது, சாணம் அங்கேயே விழும்.

புதிதாகப் புல் போட நினைப்பவர்கள் ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதையை முதல் மழைக்கு மேலாகத் தூவுங்கள். புது விதைக்கு உறக்கம் உண்டு. அறுவடை செய்து ஆறு முதல் எட்டு மாதம் ஆன விதையாகக் கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டு புல் பூத்து விதை விழும்வரை மேய்க்காதீர்கள்.

கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்கு

சரளையில் சொட்டுநீர் அகலமாகப் பரவாமல் நேரே கீழே இறங்கும். சொட்டுவான்களை ஓரடி, ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக நெருக்கி வையுங்கள். வாரம் இரு நாள் ஆறு மணி நேரம் விடுவதைவிட, தினமும் குறைந்த நேரம் விடுவது மேல். தென்னைக்கு ஒரே இடத்தில் விடாமல் மரத்தைச் சுற்றி நான்கு முதல் ஆறு இடத்தில் சொட்ட விடுங்கள். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் வரை வேண்டும். அதைக் காலையும் மாலையும் பிரித்துக் கொடுக்கலாம். மட்டையும் உரிமட்டையும் கொண்டு மூடாக்குப் போடுங்கள்.

புதிதாகத் தென்னை வைக்க நினைப்பவர்கள் 2016-ஐ மறக்க வேண்டாம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கிணறு வற்றிய இடங்களில் பல ஆண்டு வளர்த்த தென்னைகள் காய்ந்தன, லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றியவர்களும் உண்டு. ஆழ மண்ணில் நிற்கும் மரத்துக்கு மாதக் கணக்கில் அவகாசம் கிடைக்கும். சரளையில் நிற்கும் மரத்துக்கு நாள் கணக்குதான். கிணற்றுத் தண்ணீர் எந்தக் கோடையிலும் வற்றாது என்ற உறுதி இல்லாமல் சரளை மேட்டில் தென்னை, வாழை, மஞ்சள் வைக்காதீர்கள்.

சரளையை விற்குமுன்

சாலை வேலைக்கும் மனை மேடாக்கவும் கிராவல் கேட்டு ஆட்கள் வருவார்கள். "விளையாத மண்ணுதானே, எடுத்துட்டா நிலம் சமமாயிடும்" என்பார்கள். எடுத்த பிறகு மிஞ்சுவது பாறையும் பள்ளமும். ஓரங்குல மண் உண்டாகப் பல நூறு ஆண்டு ஆகும், நம் பேரன் காலத்திலும் அது திரும்ப வராது. பக்கத்துக் காட்டின் மண்ணும் அந்தப் பள்ளத்துக்கு வழிந்து வரும்.

சட்டமும் இருக்கிறது. பட்டா நிலமாக இருந்தாலும் கிராவல் சிறுகனிமம். 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி இல்லாமல் வெட்டி எடுத்தால் தண்டனை உண்டு. வாங்கிப் போனவரைத் தேட முடியாது, நிலத்துக்காரர் மேல்தான் கேள்வி வரும்.

இந்த வாரமே செய்யக்கூடியது

மூன்று குழி, ஒரு சல்லடை, ஒரு தராசு. இவ்வளவுதான் செலவு. ஆழத்தையும் கல் அளவையும் ஒரு நோட்டில் எழுதி, எந்தத் துண்டு எத்தனை நாள் ஈரம் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். அடுத்த மழையில் கடப்பாரையைக் குத்தி எதுவரை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். எத்தனையாவது நாள் பயிர் வாடுகிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு பருவம் இப்படிக் குறித்துவிட்டால் உங்கள் காட்டைப் பற்றி எந்த அட்டையும் சொல்லாத விவரம் உங்கள் கையில் இருக்கும். அந்த நோட்டோடு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்ப் பயிர் ஆலோசனை கேளுங்கள். கிடைக்கும் பதில் உங்கள் நிலத்துக்கென்றே சொன்ன பதிலாக இருக்கும்.